முதலில் சட்டம் படியட்டும்

மாரி தொடங்கினால் எங்கள் தீவுக் கிராமமான சரவணையில் எங்கள் வீட்டு ஆர்மோனியத்தில் நாலைந்து கட்டைகள் அமத்தினால் எழும்பாது. தீவுக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வரும். மரம் ஊதும், வில்லுக்கம்பி துருப்பிடிக்கும். ஒரு கார்த்திகையில் இறுகிய கட்டைகளின் பக்கங்களை அரத்தால் ராவினேன். அன்றிரவே ஆர்மோனியப் பெட்டியை வாசிக்க முடிந்தது. பங்குனி வெயிலில் மரம் சுருங்கியதும் அதே கட்டைகள் ஆட்டங்கண்டு பக்கத்துக் கட்டைகளோடு முட்டின. ராவிய மரம் திரும்பி வராது.

இசை நாடகக் கலைஞர் நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம் நாடகத்தை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பார்த்த, இசை நாடகங்களுக்குப் பெட்டி வாசித்த பெரியவர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோனேன்.

"தம்பி, இனிக் கட்டையில கை வைக்காதை. சட்டம் இருக்கிற இருப்பை முதல் பார்."

கழற்றினார். கட்டைச் சட்டத்தின் ஒரு மூலைக்கு அடியில் கறையான் மண். அந்தத் தடிப்புக்கு மேலேயே நான் திருகாணியை இறுக்கியிருந்தேன். சட்டம் முறுகி, கட்டைகள் ஒன்றோடொன்று உரசின. ஈரம் அதைக் கூட்டிவிட்டது.

அவர் செய்த ஒழுங்கையே இன்றும் செய்கிறேன். அடியைத் துடைத்து, திருகாணிகளை நடுவிலிருந்து இரு பக்கமும் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பிறகு துருத்தியை நிரப்பி, கட்டை எதையும் தொடாமல் காது கொடுக்க வேண்டும். எங்காவது முனகினால் அங்குள்ள கட்டையின் தோல்மூடி துளையை மூடவில்லை. மெல்லிய கடதாசியை மூடிக்கு அடியில் விட்டு இழுத்தால் எந்தப் பக்கம் பிடிக்கவில்லை என்று கை சொல்லும். 42 கட்டைகளின் வில்லுகளையும் ஒரே பாரத்துக்குக் கொண்டுவருவது கடைசியில்தான். கட்டை நுனியில் காசுக் குற்றிகளை அடுக்கி, எத்தனையில் இறங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பேன். கம்பியை மயிரிழை அளவே வளைக்க வேண்டும், அவசரப்பட்டால் முறியும்.

பிறகு ரொறன்ரோவில் கிராண்ட் பியானோ திருத்துபவர் ஒருவருக்கு உதவியாக நின்றேன். அதில் 88 கட்டைகளும் சுத்தியல்களும் ஒரே சட்டத்தில் இழுப்பறைபோல வெளியே வரும். இழுக்கும்போது ஒரு கட்டையில் விரல் பட்டாலும் சுத்தியல் எழும்பி முறியக்கூடும். என் இரண்டு கைகளையும் சட்டத்தின் ஓரங்களில் வைக்கச் சொன்னார். திரும்ப உள்ளே விட்டதும் சட்டத்தின் நடுவைத் தாங்கும் திருகுகளை உயர்த்திவிட்டு, முன் ஓரத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் 'டொக்' என்றது; அங்கே சட்டம் படியவில்லை. சரவணைப் பெரியவரைப் போலவே அவரும் கட்டைகளைத் தொடாமல் சட்டத்தை மறுபடி வெளியே எடுத்தார். முன்னும் பின்னும் ஓசையில்லாமல் படிந்த பிறகுதான் நடுத் திருகுகளைப் பலகை தொடும்வரை இறக்கினார்.