‘ஓ’வும் ‘மக்’கும் உள்ளே நுழைந்த விதம்

அயர்லாந்தின் மேற்குக் கரைத் துறைமுகமான கால்வேயில் 1518இல் நகராட்சி ஒரு விதி போட்டது. பெயருக்கு முன்னால் ‘ஓ’, ‘மக்’ வைத்திருக்கும் கெய்லிக் குடியினர், அதாவது அயர்லாந்தின் பூர்வகுடிகள், தெருவில் மிடுக்காக நடக்கக் கூடாது. அனுமதியின்றி அவர்களைப் பண்டிகைக்கு வீட்டில் சேர்த்தால் 5 பவுண்டு அபராதம்.

தோல் ஏற்றுமதியும் ஸ்பெயின், பிரான்ஸ் ஒயின் இறக்குமதியும் 14 குடும்பங்களின் கையில் இருந்தன. பெரும்பாலும் நார்மன், ஆங்கிலேய வழியினர். அந்த 14இல் டார்சி, கிர்வன் என இரண்டு கெய்லிக் குடும்பங்களும் இடம்பிடித்தன. உங்கள் அலுவலகத்திலும் ‘நம்ம ஆளுங்க’ வட்டம் ஒன்று இருக்கிறதா? டார்சிகளைக் கவனியுங்கள்.

பெயரின் ‘ஓ’வை அவர்கள் உதறினார்கள்; இடத்துக்கு ஏற்ற நடை, தவறில்லை. பிந்தைய தலைமுறையோ நார்மன் பிரபுக்களே தங்கள் முன்னோர் என்று வம்சாவளி காட்டியது. பயோடேட்டாவில் இந்த வேலை வேண்டாம். இப்போது சரிபார்க்க ஆள் வைத்திருக்கிறார்கள்.

டார்சிகளின் உண்மையான பலம் சட்டம். கால்வே வணிகர்கள் சுற்றுவட்டார நிலங்களை அடமானம் பிடித்தார்கள். அடமானம் என்றால் பத்திரம், வழக்கு. ஜேம்ஸ் டார்சி 1602இல் மேயரானார். அவருடைய ஏழாவது மகன் பாட்ரிக் லண்டனில் சட்டம் படித்தார். ஆங்கிலேய நாடாளுமன்றத்தின் சட்டம் தானாகவே அயர்லாந்தைக் கட்டுப்படுத்தாது என்று அவர் வாதாடியது 1643இல் அச்சாகி வந்தது. சரக்கு விற்கப் பலர் இருந்த ஊரில், இப்படி வாதாட எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஏற்றுமதி நிறுவனத்தில் இருப்பவர் சுங்க விதிகளைக் கரைத்துக் குடித்துவிட்டால், வட்டமே அவர் மேசைக்கு வரும். பக்கத்து மேசைக்காரர் செய்வதையே இன்னும் வேகமாகச் செய்து காட்டுவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

வட்டத்துக்குள் போய்விட்டால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். 1652இல் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல் தரப்புப் படையிடம் கால்வே சரணடைந்தது. சில ஆண்டுகளில் கத்தோலிக்கர்களான அந்தக் குடும்பங்கள் நகராட்சியை இழந்தன. நார்மன், கெய்லிக் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

வட்டம் உடைந்தாலும் தொடர்புகள் உதவும். அடுத்த நூற்றாண்டில் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்துக் கெய்லிக் குடும்பத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஹெனசி பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். பிறகு 1765இல் பிரான்சின் கோன்யாக் ஊரில் பிராந்தி வியாபாரம் தொடங்கினார். கடல் தாண்டிய அயர்லாந்துக்காரர் தொடர்புகள் அவருக்குக் கைகொடுத்தன. நீங்களும் இந்த வாரமே பழைய சக ஊழியர் இரண்டு பேருக்குப் போன் போடுங்கள். வேலை கேட்க அல்ல, சும்மா நலம் விசாரிக்க.