வெறுமையாய்ப் பிறக்கும் பொருள்கள்

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்தபின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற எனக்குக் கணினிப் பாடம் மலாயிலும் ஆங்கிலத்திலுமே கிடைத்தது. இறுதியாண்டுத் திட்டப்பணியில் கற்ற ஒரு பாடத்தை இங்கே தமிழில் சொல்ல முயல்கிறேன்.

எக்ஸ்எம்எல் கோப்பில் உள்ள மாணவர் பட்டியலைப் படித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு ஜாவா பொருளை உருவாக்க வேண்டும். மெட்ரிக் எண் இல்லாத மாணவர் இருக்கக்கூடாது. எனவே, எண்ணைச் சரிபார்த்த பிறகே பொருளைத் தரும் 'உருவாக்கு' என்ற ஃபேக்டரி மெத்தட்டை எழுதினேன். எண்ணைக் கேட்கும் கன்ஸ்ட்ரக்டரை வெளியார் அழைக்காதவாறு மூடினேன்.

கோப்பைப் படிக்கும் ஜாக்ஸ்பி இதை ஏற்கவில்லை. உள்ளீடு எதுவும் கேட்காத கன்ஸ்ட்ரக்டர் வேண்டும் என்றது. அவசரத்தில் வெற்றுக் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றைச் சேர்த்தேன். பிழை மறைந்தது. ஆனால், விரிவுரையாளர் முன்னிலையில் நிரலை ஓட்டியபோது, மெட்ரிக் எண்ணே இல்லாத மாணவர் ஒருவர் பட்டியலில் நின்றார்!

காரணம் என்ன? ஜாக்ஸ்பி முதலில் வெறும் பொருளை உருவாக்குகிறது. பிறகே மதிப்புகளை ஒவ்வொன்றாக நிரப்புகிறது. கோப்பில் எண் விடுபட்டிருந்தால் அந்த இடம் காலியாகவே இருக்கும். என் 'உருவாக்கு' அழைக்கப்படவே இல்லை.

எக்ஸ்எம்எல்டைப் என்னும் குறிப்பில் ஃபேக்டரி மெத்தட்டின் பெயரைக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கலாம், ஆனால், அந்த மெத்தட்டும் உள்ளீடு இல்லாததாகவே இருக்க வேண்டும். தொடக்க மதிப்புகளை இட அது உதவும். கோப்பிலிருந்து இனிமேல்தான் வரவிருக்கும் எண்ணை அதனால் சரிபார்க்க இயலாது.

தீர்வு எக்ஸ்எம்எல் அடாப்டர். கோப்பின் விவரங்களை முதலில் விதிகளற்ற ஓர் எளிய பொருள் ஏந்திக்கொள்ளும். அது நிரம்பியபின் அடாப்டரின் அன்மார்ஷல் மெத்தட் அதைப் பெற்று, 'உருவாக்கு' மெத்தட்டை எண்ணுடன் அழைக்கும். எண் இல்லையேல் மாணவர் பொருளே பிறக்காது. ஒன்றை மறவாதீர்: அடாப்டரில் எழும் பிழை சத்தமின்றி விழுங்கப்படலாம். பிழைகளைப் பிடிக்கும் ஹேண்ட்லரையும் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

2018இல் வெளிவந்த ஜாவா 11இலிருந்து ஜாக்ஸ்பி நீக்கப்பட்டுவிட்டதால், அதனைத் தனி நூலகமாகச் சேர்க்க வேண்டும் என்பதையும் தம்பி தங்கையர் நினைவிற் கொள்க.

பிழைச் செய்தி மறைந்துவிட்டால் பிழையும் தீர்ந்தது என்று நம்பினேன். வெற்றுக் கன்ஸ்ட்ரக்டரைச் சேர்க்குமுன், அது எந்த விதியை உடைக்கிறது என்று கேட்டிருந்தால் அன்று தலைகுனிந்திருக்க மாட்டேன்.