காவலருக்கு லைசென்ஸ் தேவையா?

கேள்வி: ஓசூரில் செக்யூரிட்டி வேலைக்குப் போக என் தம்பி ஆசைப்படுகிறான். லைசென்ஸ் எடுத்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, மாரண்டஹள்ளி

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி லைசென்ஸ் வாங்க வேண்டியது ஏஜென்சிதான், காவலர் அல்ல. தம்பிக்கு 18 வயது நிறைந்து, நன்னடத்தைச் சரிபார்ப்பும் முடிந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதும் ஏஜென்சியின் கடமை. மத்திய மாதிரி விதிகள் வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் என்கின்றன. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓடவும் வேண்டும், இப்போதே பழகட்டும். பயிற்சியே தராமல் சீருடையை மாட்டி மறுநாளே கேட்டில் நிறுத்துவது பெரிய அநியாயம், அப்படிப்பட்ட இடம் வேண்டாம். அலுவலகத்தில் லைசென்ஸை மாட்டிவைக்க வேண்டும் என்பது சட்டம், பார்த்துவிட்டுச் சேரட்டும். பெங்களூருவில் வேலை என்றால், அந்த ஏஜென்சிக்குக் கர்நாடக லைசென்ஸ் தனியாக இருக்க வேண்டும்.