பவர் டில்லர் கிராங்க் ஷாஃப்ட்: கடைந்து போடுவதா, புதிது வாங்குவதா?

மளிகைக் கடைக்காரருக்கும் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கத்தினர்களில் சிலர் கேட்கக்கூடும். மன்னவனூர், பூம்பாறை, கூக்கால் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் கொள்முதல் செய்கிறவர்கள் கேட்க மாட்டார்கள். விவசாயிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். உழவு நேரத்தில் அவருடைய டில்லர் படுத்துவிட்டால் பட்டறைக் கூலியும் நம் பேரேட்டில்தான் பற்று எழுதப்படுகிறது. அது சரக்காகத் திரும்பி வருவதும் வராததும் பட்டறையில் எடுக்கும் ஒரு முடிவைப் பொறுத்தது. மாவு மில், ஜெனரேட்டர், தாண்டிக்குடி பக்கத்துக் காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

மலைப் படிக்கட்டு நிலங்களில் பெரிய டிராக்டர் திரும்ப இடமில்லை. அங்கே உழைப்பவை 1967-இல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனத்தின் சக்தி டில்லர், 1973-இல் கேரள அரசு தொடங்கிய காம்கோவின் டில்லர் போன்றவை. 12, 13 குதிரைசக்தி கொண்ட ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின்கள். பிஸ்டன் மேலும் கீழுமாகப் போய்வரும் அடியைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். கனெக்டிங் ராடு பிடிக்கும் பின்னில்தான் தேய்மானம் அதிகம்.

மலையில் இது ஏன் சீக்கிரம் போகிறது? கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் இழுவை குறைவது இயற்கை. அதை நோய் என்று நினைத்து, பம்பில் டீசலைக் கூட்டி வைக்கிறார்கள். எரியாத டீசல் கரும்புகையாகப் போவதோடு நிற்பதில்லை. சிலிண்டர் வழியாக இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது, கரியும் சேர்கிறது. இன்னொன்று சரிவு. ஆயிலை வாரி இறைத்து உயவு கொடுக்கும் இன்ஜினைச் சாய்ந்த வரப்பில் நெடுநேரம் நிறுத்தி ஓட்டினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். மார்கழிக் குளிரில் கெட்டியான ஆயிலோடு கிளப்பியவுடன் பளு கொடுப்பதும் பேரிங்கைத் தின்னும்.

பளு ஏறும்போது அடியிலிருந்து கனமான தட்டும் ஓசை வந்தாலோ, வடித்த ஆயிலில் மினுமினுப்பான உலோகத் துகள் தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு நாள் உழுதுவிட்டு வருகிறேன் என்பவருக்கு, பேரிங் செலவோடு முடிய வேண்டியது கிராங்க், ராடு, சில சமயம் கட்டை வரை போய்விடுகிறது.

பட்டறையில் பெரும்பாலும் நடக்கும் தவறு, பேரிங்கை மட்டும் மாற்றுவது. பின் வட்டம் கெட்டு முட்டை வடிவாகியிருந்தால் புதுப் பேரிங் அடுத்த பூண்டுப் போகம் வரைகூடத் தாங்காது. ஆகவே மைக்ரோமீட்டர் வைத்து, பின்னின் இரு ஓரங்களிலும் குறுக்கும் நெடுக்குமாக நான்கு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். அளவுகள் கையேட்டில் உள்ள எல்லையைத் தாண்டினால் கிரைண்டிங்தான் வழி. 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாகக் குறைத்துக் கடைந்து, அதற்கேற்ற குறை அளவுப் பேரிங் போடுவார்கள். பேரிங் கைக்கு வந்த பிறகே கடைய வேண்டும்; பழைய மாடல்களுக்கு அந்த அளவு கிடைக்காமல் போவதுண்டு. பின்னும் பக்கத் தட்டும் சேரும் மூலையில் உள்ள வளைவைக் கூர்மையாக்கிவிடக் கூடாது. கிராங்க் ஒடிவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். ஆயில் துளைகளில் சாணைத்தூள் தங்காமல் கழுவி ஊத வேண்டும்.

கடைவதற்கு முன்பே விரிசல் சோதனை அவசியம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சுண்ணாம்புப் பொடி தூவினால் விரிசல் உள்ள இடத்தில் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். கோடு தெரிந்தால் அந்தக் கிராங்க் காயலான் கடைக்குத்தான். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஓடும்போது ஒடிந்தால் ஆளுக்கே ஆபத்து. கடைசிக் குறை அளவு வரை ஏற்கெனவே கடைந்தது, மேல்தோல் கடினம் போய்விட்டது, ஃப்ளைவீல் சாவிக்காடி உடைந்தது ஆகியவையும் மாற்ற வேண்டியவையே.

கணக்குப் போடும்போது பட்டறைக் கூலியை மட்டும் பார்க்கக் கூடாது. பேரிங், கேஸ்கட், பிரித்து மாட்டும் கூலி, வத்தலக்குண்டுக்கோ திண்டுக்கல்லுக்கோ இறக்கி ஏற்றும் வண்டி வாடகை, உழவு நின்ற நாட்கள் எல்லாம் சேரும். மொத்தம் புதுக் கிராங்க் செலவில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்குவதே மேல் என்பது எங்கள் கருத்து.

பழைய லிஸ்டர் வகை மில் இன்ஜின் உதிரிகள் ராஜ்கோட்டிலிருந்து வருகின்றன. தரம் பலவிதம். பழைய கிராங்கைக் கையில் வைத்துக்கொண்டு நீளம், பின்னின் தடிமன், வீச்சு, ஆயில் துளை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தே பணம் கொடுங்கள். மாட்டிய பின் முதல் சில மணி நேரம் குறைந்த பளுவில் ஓட்டி, ஆயிலை வடித்து மாற்ற வேண்டும். கடைந்த அளவைப் பில்லில் எழுதி வாங்கி, விவசாயியின் பற்றுச் சீட்டோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை எந்த அளவுப் பேரிங் என்று தேடி அலைய வேண்டியிராது.