ஸ்விட்ச் மாற்றும்போது லிங்க் அக்ரிகேஷன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜுக்கோ மருத்துவமனைக்கோ நெட்வொர்க் ஸ்விட்ச் மாற்ற நாள் குறிப்பது எளிதல்ல. மாதந்தோறும் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நிரம்பி வழியும். ரூம் பதிவு, பில்லிங், கேமரா எதுவும் அன்று நிற்கக் கூடாது. பழைய ஸ்விட்ச்சை உடனே கழற்றாமல், புதியதைப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் நடுவே பல கேபிள்களை ஒரே இணைப்பாக ஓட்டுவதுதான் லிங்க் அக்ரிகேஷன். இந்த வேலைக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் இதைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் பல.

நம்பிக்கை: இரண்டு கேபிள் செருகினாலே வேகம் இரட்டிப்பாகும்.

உண்மை: செட்டிங் செய்யாமல் செருகினால் இரண்டில் ஒன்று நடக்கும். சுற்றுப்பாதையைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ இயங்கும் ஸ்விட்ச் ஒரு கேபிளை அடைத்துவிடும். அது சும்மா கிடக்கும். டெக் நிறுவனத்தில் ரேடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கிய ஸ்பேனிங் ட்ரீ இல்லாத மலிவு ஸ்விட்ச்சில், பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றிப் பெருகும். எல்லாப் போர்ட் விளக்குகளும் ஒருசேரப் படபடவென்று மினுக்கும். சில நொடிகளில் மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். முதலில் இரு பக்கமும் செட்டிங், பிறகே இரண்டாவது கேபிள்.

நம்பிக்கை: இரண்டு ஒரு ஜிகாபிட் கேபிளைச் சேர்த்தால் எந்த ஃபைலும் இரண்டு ஜிகாபிட் வேகத்தில் போகும்.

உண்மை: ஒரு கணினிக்கும் ஒரு சர்வருக்கும் நடுவே ஓடும் ஒரு தரவோட்டம் ஒரே கேபிளில்தான் போகும். இங்கிருந்து சென்னைக்குச் செஞ்சி வழியும் உண்டு, ஆரணி வழியும் உண்டு. அதனால் ஒரு பஸ் பாதி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடாது. பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போதுதான் பலன். அதிலும் கவனம் வேண்டும்: ஐம்பது கேமராவும் ஒரே ரெக்கார்டருக்கு அனுப்பும் இடத்தில், சேருமிட மேக் முகவரியை மட்டும் பார்த்துப் பிரிக்கும் செட்டிங் இருந்தால், அத்தனையும் ஒரே கேபிளில் நெரியும். அனுப்பும் முகவரியையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள்.

நம்பிக்கை: கம்பெனி மாறினால் இணைப்பு சேராது.

உண்மை: ஒரு காலத்தில் அப்படித்தான். 1990-இல் முதல் ஈத்தர்நெட் ஸ்விட்ச்சைக் கொண்டுவந்தது வினோத் பரத்வாஜ் தொடங்கிய கல்பனா நிறுவனம். கேபிள்களைக் கட்டாக்கும் ஈத்தர்சேனல் முறையும் அங்கேதான் பிறந்தது. 1994-இல் சிஸ்கோ அதை வாங்கியது. 2000-இல் ஐஇஇஇ 802.3ஏடி என்ற பொதுத் தரம் வந்தது. 2008-இல் அது 802.1ஏஎக்ஸ் ஆனது. இரு பக்கமும் அந்தத் தரத்தின் எல்ஏசிபி முறை இருந்தால் கம்பெனி தடையில்லை. சிஸ்கோவின் சொந்த முறையான பிஏஜிபியில் பழைய ஸ்விட்ச் இருந்தால் மட்டும் அதை எல்ஏசிபிக்கு மாற்றுங்கள். எல்ஏசிபியில் இரு முனையும் ‘பாசிவ்’ என்றால் கட்டு உருவாகாது. ஒரு முனையாவது ‘ஆக்டிவ்’ வேண்டும்.

நம்பிக்கை: சர்வரின் ஒரு கேபிள் பழையதில், மற்றது புதியதில் இருந்தால் பாதுகாப்பு.

உண்மை: ஒரு கட்டின் எல்லாக் கேபிளும் ஒரே ஸ்விட்ச்சில் முடிய வேண்டும். ஸ்டாக் செய்து ஒன்றாக இயங்கும் ஸ்விட்ச்சுகளுக்கும் இரண்டு ஸ்விட்ச்சை ஒன்றுபோலக் காட்டும் எம்லாக் போன்ற ஏற்பாட்டுக்கும் மட்டுமே விலக்கு. பழையதும் புதியதும் அப்படிச் சேராது. கட்டு இருக்க வேண்டிய இடம் இரண்டு ஸ்விட்ச்சுக்கும் நடுவே. நெட்வொர்க்கைப் பிரிவுகளாக்கும் எல்லா வீலானும் அந்தக் கட்டில் போகின்றனவா என்று பார்த்துவிட்டு, முதலில் சில கணினிகள், பிறகு கேமராக்கள், சர்வர், கடைசியில் கேட்வே என்று நகர்த்துங்கள்.

நம்பிக்கை: எல்ஏசிபி தொல்லை, ‘ஆன்’ போட்டால் போதும்.

உண்மை: எல்ஏசிபி இல்லாமலே கட்டை உருவாக்கும் ‘ஆன்’ செட்டிங் எதிர்முனையைக் கேட்பதே இல்லை. நடுவில் மீடியா கன்வெர்ட்டர் வைத்த ஃபைபர் அறுந்தாலும் இங்கே போர்ட் விளக்கு பச்சையாகவே எரியலாம். அந்தக் கேபிளுக்கு ஒதுக்கிய பாக்கெட்டுகள் காணாமல் போகும். சில கணினிகளுக்கு மட்டும் இணைப்பு கிடைக்காது. காரணம் தேடியே பொழுது போகும். எல்ஏசிபி 30 நொடிக்கு ஒருமுறை, வேக செட்டிங்கில் நொடிக்கு ஒருமுறை, எதிர்முனையோடு பேசுகிறது. மூன்று முறை பதில் வராவிட்டால் அந்தக் கேபிளை விலக்கிவிடும்.

ஸ்விட்ச் மாற்றப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பௌர்ணமியையும் கார்த்திகை தீபத் திருவிழா நாட்களையும் முதலில் காலண்டரில் அடித்துவிடுங்கள். கட்டு உருவானதும் ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். அதைச் செருகிவிட்டு மற்றதைப் பிடுங்கிப் பாருங்கள். இந்தச் சோதனையில் தேறாத கட்டை நம்பி ஒரு சர்வரையும் நகர்த்தாதீர்கள்.