பத்துக் கணினிகள் சேர்ந்தால் பத்து மடங்கு வேகமா?

மாணவர்களே, ஒரு கணினி 100 நிமிடங்களில் செய்யும் வேலையைப் பத்துக் கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் எவ்வளவு நேரத்தில் முடியும்? ‘10 நிமிடம்’ என்று உடனே சொல்லத் தோன்றும். அது சரியா என்று பார்ப்போம்.

அறிவியல் ஆய்வுக்குப் பல கணினிகள் ஏன் தேவை? ஜெனீவா நகருக்கு அருகே, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் ‘சேர்ன்’ ஆய்வு மையத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவி உள்ளது. அது முழு அளவில் இயங்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 100 கோடி புரோட்டான் மோதல்கள் நிகழும். ஹிக்ஸ் போசான் என்னும் துகளோ 100 கோடிக்கும் மேற்பட்ட மோதல்களில் ஒன்றில்தான் தோன்றும். தோன்றியவுடன் சிதைந்தும் விடும். அதன் தடயத்தைத் தரவுக் குவியலில்தான் தேட வேண்டும். 40-க்கும் மேற்பட்ட நாடுகளின் கணினி மையங்கள் இந்தத் தரவுகளைப் பகிர்ந்துகொண்டு அலசுகின்றன. 2012 ஜூலை 4-இல் ஹிக்ஸ் போசான் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் இத்தகைய கூட்டு உழைப்பு இருந்தது.

இங்கே வேலையைப் பிரிப்பது எளிது. ஒரு மோதலை ஆராய இன்னொரு மோதலின் முடிவு தேவையில்லை. தேர்வுத் தாள்களை ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் திருத்துவதைப் போன்றது இது.

வானிலைக் கணிப்பு அப்படியன்று. ஒரு பகுதியின் காற்று பக்கத்துப் பகுதியையும் பாதிக்கும். ஆகவே, கணினிகள் ஓயாமல் ஒன்றோடொன்று தகவல் பரிமாற வேண்டும். இதற்கு விரைவான வலையமைப்பால் இணைந்த ‘கிளஸ்டர்’, அதாவது கணினித் திரள், ஏற்றது. 1994-இல் நாசாவில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் கடைகளில் கிடைக்கும் சாதாரணப் பாகங்களைக் கொண்டே ‘பியோவுல்ஃப்’ என்ற திரளை அமைத்துக் காட்டினர். அதற்குப் பிறகு, சிறிய ஆய்வுக்கூடங்களுக்கும் இந்த வசதி எட்டியது.

சொந்தத் திரள் இல்லாதவர்கள் என்ன செய்வது? மேகக் கணிமை நிறுவனங்களின் கணினிகளை இணையவழி வாடகைக்கு எடுக்கலாம். பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம். எப்போதாவது வரும் பெரிய வேலைக்கு இது சிக்கனம். ஆண்டு முழுதும் ஓடும் வேலைக்குச் சொந்தத் திரளே மலிவாக அமையலாம்.

இனி நம் கேள்விக்கு வருவோம். 100 நிமிட வேலையில், தரவை ஒழுங்குபடுத்தவும் முடிவுகளை ஒன்றுசேர்க்கவும் ஆகும் 10 நிமிடங்களைப் பிரிக்க முடியாது என்று கொள்வோம். மீதி 90 நிமிட வேலையைப் பத்துக் கணினிகள் 9 நிமிடங்களில் முடிக்கும். மொத்தம் 10 + 9 = 19 நிமிடங்கள். ஆயிரம் கணினிகளைச் சேர்த்தாலும் 10 நிமிடங்களுக்குக் கீழே போகவே முடியாது. 1967-இல் ஜீன் அம்டால் எடுத்துக்காட்டிய இந்த வரம்பே அம்டால் விதி எனப்படுகிறது.

இப்போது இரண்டு வழிகளை ஒப்பிடுங்கள். கணினிகளை 20 ஆக்கினால் 10 + 4.5 = 14.5 நிமிடங்கள். பத்துக் கணினிகளையே வைத்துக்கொண்டு, நிரலைத் திருத்திப் பிரிக்க முடியாத பகுதியை 5 நிமிடங்களாகக் குறைத்தால் 5 + 9 = 14 நிமிடங்கள். இருமடங்கு கணினிகள் தந்த பயனை விஞ்சிவிட்டது நல்ல சிந்தனை!

நீங்களே செய்து பாருங்கள்: 60 நிமிட வேலையில் 12 நிமிடங்களைப் பிரிக்க முடியாது. 8 கணினிகள் இருந்தால் எவ்வளவு நேரமாகும்?

(விடை: 18 நிமிடங்கள்)