சாவி போடும் முன் பத்து நிமிடம்

நம் பகுதி இளைஞர்கள் பலர் ஜேசிபி ஓட்டுகிறார்கள். சிலர் அதே வேலைக்காக வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். (ஜேசிபி என்பது 1945ல் தொடங்கிய ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் பெயர். எந்தக் கம்பெனி வண்டியானாலும் நமக்கு அது ஜேசிபிதான்.) ஓட்டத் தெரிந்தவர்கள் நிறைய. காலையில் வண்டியைச் சுற்றிப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் குறைவு. அதனால்தான் இந்தப் பாடம்.

முதலில் வண்டி சமதரையில் நிற்க வேண்டும். முன் பக்கெட், பின் பக்கெட் இரண்டும் தரையில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்து உங்கள் பாக்கெட்டில் வையுங்கள். நீங்கள் அடியில் குனிந்திருக்கும்போது வேறொருவர் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர் இரண்டையும் இன்ஜின் சூடாகும் முன்பே பாருங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அடுத்தது ஹைட்ராலிக் குழாய்கள். அதிக கவனம் வேண்டியது இங்கேதான். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 30 பி.எஸ்.ஐ. ஜேசிபியின் ஹைட்ராலிக் ஆயில் ஓடுவதோ 3000 பி.எஸ்.ஐ.க்கும் மேலான அழுத்தத்தில். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் அதிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையுறையும் அதைத் தடுக்காது. ஆகவே கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். கண்ணாடி அணிந்து, சற்றுத் தள்ளி நின்று, ஓர் அட்டைத் துண்டைக் குழாய் அருகே காட்டுங்கள். அதில் ஆயில் படும். குழாயைக் கழற்றுவதானால், இன்ஜினை நிறுத்திய பிறகும் உள்ளே அழுத்தம் தங்கியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கையேட்டில் சொன்னபடி லீவர்களை அசைத்து அதை வெளியேற்றிய பின்பே ஸ்பேனரை எடுங்கள்.

அப்படி ஆயில் கையில் ஏறிவிட்டால் முள் குத்திய அளவுக்குத்தான் தெரியும், ஆரம்பத்தில் வலியும் இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். மருந்து தடவிவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்கள் விரலை இழந்ததுண்டு. உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விட்டது" என்று இதே வார்த்தைகளில் டாக்டரிடம் சொல்லுங்கள். டி.டி. ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

தூக்கி நிற்கும் பக்கெட்டுக்கு அடியில் வேலை செய்ய நேர்ந்தால், அதற்கென்று வண்டியிலேயே இருக்கும் இரும்பு முட்டை மாட்டாமல் தலையை நுழைக்காதீர்கள். குழாய் வெடித்தால் பக்கெட் ஒரு நொடியில் இறங்கிவிடும்.

வீல் நட், டயர் வெட்டு, பக்கெட் பற்கள் எல்லாம் கண்ணாலேயே தெரியும். பின்களுக்குத் தினமும் கிரீஸ் அடியுங்கள். பிரேக்கையும் ரிவர்ஸ் அலாரத்தையும் வண்டி நகரும் முன் சோதியுங்கள். நம் தெருக்களில் ஜேசிபி வந்தால் பிள்ளைகள் பின்னாலேயே கூடிவிடுவார்கள், கண்ணாடியில் தெரியவும் மாட்டார்கள்.

சர்வீஸ் கணக்கு கிலோமீட்டரில் அல்ல, மணி மீட்டரில். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, மீட்டர் அளவு, கண்ட குறை மூன்றையும் எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்குங்கள். "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டு தம்பி, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்பவர் கையெழுத்துப் போடத் தயங்குவார். வெளிநாட்டு சைட்டுகளில் இந்தச் சோதனைத் தாளைக் காலையில் கேட்பது வழக்கம். இங்கேயே எழுதிப் பழகியவருக்கு அங்கே தடுமாற்றம் இருக்காது.